இரண்டு வேளைப் பால்

செங்கல்பட்டு ரயிலடியில் இறங்கி, பால்கடை நூர்முகமது எங்கே என்று கேட்டால் குதிரைவண்டிக்காரன்கூட கையை நீட்டிக் காட்டுவான். கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பான். போ போ, உன்னாண்ட இன்னா கேக்கப் போறாரு பாரு என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

கடையில் டீ உண்டு. காலையில் இட்லி, ஆப்பம் என்று நாஸ்தாவும் உண்டு. அதெல்லாம் பிழைப்புக்கு. மனுஷனுக்கு உயிர் பாலில்தான் இருந்தது. பொழுது சாயும்போது அகலமான இரும்புக் கடாயில் பாலை ஊற்றி, அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பால் சுண்டி, நிறம் மாறி, மேலே கனமாக ஏடு கட்டி நிற்கும். அந்த ஏட்டில் ஒரு துண்டை எடுத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் தம்ளரின் மேலே போட்டுக் கொடுப்பார். வேண்டியவர்கள் யார் என்கிறீர்கள்? சொந்தக்காரர்கள் இல்லை, ஊர்ப் பெரிய மனிதர்கள் இல்லை. கடல் கடந்து போய் வந்தவர்கள். அவர்களிடம் டப்பு வாங்க மாட்டார். அவர்கள் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். அந்த ஊரில் பால் எப்படி இருந்தது?

இது என்ன பைத்தியம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மதராஸைத் தாண்டிப் போனதில்லை. கப்பலைக் கண்ணால் பார்த்ததோடு சரி. மாடு என்றால் எல்லா ஊரிலும் நாலு கால்தான், ஆனால் தின்கிற புல் வேறு, குடிக்கிற தண்ணீர் வேறு, அப்படியிருக்கப் பால் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று யோசித்து யோசித்து அந்த யோசனையிலேயே வயசு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது.

ரங்கூனிலிருந்து சண்டைக் காலத்தில் காட்டு வழியே நடந்து வந்த ஒருவர், வழியில் தம்பியைப் பறிகொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். நம்ம ஆள் மெதுவாகக் கிட்டே போய், "அது கெடக்கட்டும் பாய். ரங்கூன்ல எருமைப்பாலா, பசும்பாலா?" என்று கேட்டார். அந்த மனுஷர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவர் அதற்கப்புறம் கடைப்பக்கம் திரும்பவே இல்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரைப் பார்க்க ஊரே திரண்டு போய்க் கையைப் பிடித்து துஆ கேட்டது. இவர் ஒட்டகப்பால் கேட்டார். மாமல்லபுரத்தில் கல் ரதம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரியிடம் பாஷை தெரியாமல் மாடு மாதிரி கத்தி, கறந்து, குடித்துக் காட்டினார். அந்த அம்மாள் இவர் மாடு விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். கூடப் போயிருந்த தேவசகாயம் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தேவசகாயம் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். நூர்முகமதுவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். வேலை முடிந்தால் பால்கடை பெஞ்சுதான் அவருக்கு வீடு.

நூர்முகமதுவின் வீடு கடைக்குப் பின்கட்டில். மனைவி உம்மு சல்மா காலமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் பிறந்த ஆண்பிள்ளை இரண்டு வயசில் தவறிப்போனான். அப்புறம் பிறந்து தங்கியது ஒரே பெண், ஃபக்ருன்னிசா. அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவார்கள்? நிசாதான். கடைக்கு வேண்டிய மாவை அரைப்பதும் சட்னி கூட்டுவதும் அவள்தான். முன்பக்கம் வரமாட்டாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

இந்தக் கடைக்குத்தான் அமீர் வந்து சேர்ந்தான். கோவளத்துக்காரன். சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை. பம்பாயில் கப்பலை விட்டிறங்கி, அரக்கோணத்தில் வண்டி மாறி, செங்கல்பட்டில் இறங்கிக் கடலோர பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டீ குடிக்க நுழைந்தான். பெட்டியைப் பார்த்ததுமே நூர்முகமதுவுக்குக் கை பரபரத்தது.

"தம்பி எந்தச் சீமை?"

"இந்தத் தடவை ஏடன் வரிக்கும் மாமா."

"ஏடனா! ஒட்டகப்பால் குடிச்சியா?"

வேறு எவனாவது இருந்தால் சிரித்திருப்பான். அமீர் சிரிக்கவில்லை. நிதானமாக யோசித்துச் சொன்னான். "ஒரு மொடக்குக் குடிச்சேன் மாமா. கொஞ்சம் உப்பு. நொரை நெறைய வரும், ஆனா ஏடு கட்டாது. தயிர் தோய வச்சாலும் சரியா தோயாதுன்னாங்க."

"ஏடு கட்டாதா?" நூர்முகமது கடாயைப் பார்த்தார், அமீரைப் பார்த்தார். அன்றைக்கு அமீரின் தம்ளரில் ஏடு மூன்று துண்டு விழுந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பயணம் முடிந்தும் அமீர் அந்தக் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போனான். ஹாலந்தில் பாலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வாசலில் வைத்துவிட்டுப் போகிறான், அவனவன் வீட்டில் காய்ச்சுவதே இல்லை, ஜில்லென்று அப்படியே குடிக்கிறான் என்று ஒரு தடவை வந்து சொன்னான். நூர்முகமது அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பினாங்கில் டப்பாப் பால்தான், கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி வழியும் என்றான். ரஷ்யாக்கார மாலுமி ஒருவன் குதிரைப்பால் குடிக்கிற ஜனங்களைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னான். சும்மா சொல்லக்கூடாது, அமீருக்குப் பாலே அவ்வளவாகப் பிடிக்காது. டீ குடிக்கிற ஆள். இந்த மனுஷருக்குப் பதில் சொல்வதற்காகவே துறைமுகம் துறைமுகமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

இந்த மனுஷருக்கு மட்டும்தானா?

ஒரு நாள் உள்ளேயிருந்து நிசாவின் குரல் வந்தது. "அத்தா, பச்சைப் பாலைக் குடிச்சா அவங்களுக்கு வவுறு கெடாதான்னு கேளுங்க."

அமீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "ஆலையிலயே சூடு காட்டித்தான் அனுப்பறாங்களாம். கெடாது."

"அங்க பனி கொட்டுமாமே. மாடு இன்னாத்தத் தின்னுமாம்?"

"காஞ்ச புல்லைச் சேத்து வச்சிருப்பாங்க. மாட்டுக்கே தனியா வூடு கட்டி வச்சிருக்காங்க."

இப்படி ஆரம்பித்தது. பெரியவர் கேட்கிற கேள்வி ஒன்று என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற கேள்வி இரண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவள் முன்னால் வந்ததும் இல்லை, அவன் எட்டிப் பார்த்ததும் இல்லை. பேச்சு மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தேவசகாயம்தான் ஒரு நாள் சிநேகிதரின் விலாவில் இடித்தார்.

"நைனா, கேக்கறது நீ. பதிலு உள்ள போவுது. உனக்குப் புரியுதா, இல்ல பால்லயே முழுகிகினு கீறியா?"

புரிந்ததும் நூர்முகமதுவுக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட ஒரு மருமகன் எங்கே கிடைப்பான்? குணமான பையன், குடி இல்லை, வருஷத்துக்கு ஒரு புதுத் தேசம். மூன்றாம் மனிதர் மூலம் கோவளத்துக்குச் சொல்லியனுப்பினார். அமீருக்குத் தகப்பன் இல்லை. தாய் ரோஷன் பீவி உடனே சரி என்று ஆள் அனுப்பினாள். நிசாவிடம் சொன்னபோது அவள் மாவாட்டுவதை நிறுத்தாமல், "உங்க இஷ்டம் அத்தா" என்றாள். ஆனால் அன்றைக்கு மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். அவர் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

தேதி குறிக்கக் கோவளம் போனார்கள். நூர்முகமது, அவருடைய பள்ளிவாசல் ஹஜ்ரத், ஜமாத்துப் பெரியவர் இருவர், தேவசகாயம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். மாமல்லபுரத்தில் வேறு பஸ் மாறி, கடலை ஒட்டியே போனார்கள். வழி நெடுக மனுஷர் ஜன்னலோரம் உட்கார்ந்து, உப்பங்கழி ஓரத்தில் மேய்கிற மாடுகளை ஒவ்வொன்றாக தேவசகாயத்துக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

அமீர் வீட்டில் பாய் விரித்திருந்தது. கோவளத்துப் பள்ளிவாசல் ஆலிம்சாவும் வந்திருந்தார். ரோஷன் பீவி உள்கதவின் ஓரமாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பேசியாயிற்று. பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் எல்லாருக்கும் பாதாம் அரைத்துப்போட்ட பால் வந்தது. நூர்முகமது ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"கடலோரத்து மாடு. லேசா உப்புக் கரிக்குது. ஆனா நல்ல கனம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உள்கதவைப் பார்த்து, "சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. புள்ளைய இவ்ளோ திடமா வளத்து வச்சிருக்கீங்களே, சின்னதுல இன்னா பால் குடுத்தீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்பார். பயில்வானைப் பார்த்தாலும் கேட்பார், தாசில்தாரைப் பார்த்தாலும் கேட்பார். கேட்க வேண்டிய இடம் அது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரோஷன் பீவிக்கும் அன்றைக்கு மனசு நிறைந்து இருந்தது. மறைக்காமல் சொன்னாள்.

"நான் எங்க பால் குடுத்தேன்? இவன் பொறந்தப்ப எனக்கு ஜொரம் கண்டு பால் வத்திப் போச்சு. ஆட்டுப்பால் குடுத்தா கக்கிட்டான். அழுது அழுது கொரலே போயிடுச்சு. பொழைக்க மாட்டான்னுதான் இருந்தோம். அப்ப தர்காவுல கந்தூரி. கால்வாய்ப் படகுல வெளியூர் ஜனம் வந்து எறங்கிகினே இருந்துச்சு. எங்க வூட்டுல ஒரு குடும்பம் தங்கிச்சு. அதுல ஒருத்தி கைக்கொழந்தைக்காரி. எம் புள்ள அழறதைக் கேட்டுட்டு வந்தா. ஒண்ணும் கேக்கல. தூக்கி மடியில போட்டுகினா. அன்னிக்கு சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் படகு ஏறதுக்கு முன்னால ஒரு வேளை. அந்த ரெண்டு வேளைல கண்ணு முழிச்சவன்தான் இவன். எனக்கு இருந்த ஜொரத்துல அவ பேரைக்கூட கேட்டு வச்சுக்கல."

"அல்லாஹ் அவளுக்கு நல்லது செய்யட்டும்" என்றார் ஆலிம்சா.

ரோஷன் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு மட்டும் இன்னும் ஞாபகம் கீது. எங்க வூட்டுப் பசுவைக் கறந்து ஒரு தம்ளர் குடுத்தோம். ருசி பாத்து ருசி பாத்துக் குடிச்சா. இன்னாம்மா அப்டிப் பாக்கறேன்னேன். 'எங்க வூட்டுக்காரரு ஒரு பால் பைத்தியம். ஊருக்குப் போய்ச் சேந்ததும் கோவளத்துப் பால் எப்டி இருந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாரு. பதில் சொல்ல வாணாமா?'ன்னா."

நூர்முகமது பாயிலிருந்து எழுந்தே விட்டார்.

"அது எம் பொண்டாட்டி" என்றார். கண்ணில் தண்ணீர். "எம் பொண்டாட்டி சல்மா. நாத்தனார் குடும்பத்தோட கந்தூரிக்கு வந்தா. நான் கடைய வுட்டு வர முடியல. அவ திரும்பி வந்து வாசப்படி ஏறதுக்குள்ள கேட்டேன். ஆமா, கேட்டேன். லேசா உப்புக் கரிக்குது, ஆனா நல்ல கனம்னு சொன்னா. அவ சொன்னதைத்தான் இப்ப நான் சொன்னேன். யா அல்லாஹ், எம் பொண்டாட்டி இந்த வூட்டுலயா தங்கினா!"

செத்துப்போனவள் திரும்பி வந்து தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினது போல அவருக்கு இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. தேவசகாயத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். தேவசகாயமும் சிரித்தார். அந்த அறையில் சிரித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஹஜ்ரத் தம்ளரைக் கீழே வைத்தார். ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அமீர் முகத்தில் ரத்தம் இல்லை. கதவோரத்தில் ரோஷன் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் தேவசகாயம். "நல்ல சேதிதானே?"

ஹஜ்ரத்தான் பதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். "ஒருத்தி மடியில பால் குடிச்ச கொழந்தை அவளுக்குப் புள்ளை மாதிரி இல்ல சார், புள்ளையேதான். அவ பெத்ததுங்களுக்கு இவன் கூடப் பொறந்தவன். அப்டின்னா அமீருக்கு நிசா தங்கச்சி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நிக்காஹ் கூடாது."

தேவசகாயத்துக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நூர்முகமது நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

ஆலிம்சா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவசரப்பட வாணாம். நாங்க ஷாபி மத்ஹபு. எங்க சட்டத்துல அஞ்சு வேளை வவுறு நெறையக் குடிச்சிருந்தாத்தான் பால் உறவு. அந்தம்மா குடுத்தது ரெண்டு வேளை. எங்களுக்கு இது உறவு இல்ல. பையனுக்குக் கூடும்."

"நாங்க ஹனபி" என்றார் ஹஜ்ரத். "எங்களுக்கு வேளைக் கணக்கே கெடையாது. ஒரு மொடக்கு உள்ள போயிருந்தா போதும்."

இரண்டு பேரும் படித்தவர்கள், ஒருவரை ஒருவர் மதிக்கிறவர்கள். சண்டை போட்டிருந்தால்கூட யாரையாவது கோபித்துக்கொள்ளலாம். அவர்கள் சண்டை போடவில்லை. உங்களுக்கு உங்க சட்டம் சரி, எங்களுக்கு எங்க சட்டம் சரி என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். கடற்கரையில் குடித்தால் உறவு இல்லாத பால், இருபத்தைந்து மைல் தள்ளி செங்கல்பட்டுக்கு வந்தால் உறவாகிவிடுகிறது. உலகத்துப் பாலையெல்லாம் விசாரித்த மனுஷருக்குத் தன் பெண்டாட்டியின் பாலில் இப்படி ஒரு விஷயம் இருப்பது தெரியாமல் போயிற்று.

"முடிவு உங்களுதுதான் பாய்" என்றார் ஆலிம்சா. "எங்க பள்ளிவாசல்லயே நிக்காஹ் வச்சுக்கலாம். செல்லும். உங்க மனசு ஒப்பணும். பொண்ணு வாயால ஒரு வார்த்தை கேட்டுகினு வந்தாலும் சரி."

அன்றைக்கு அமீர் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஆமா மாமா. அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க இன்னா சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

எல்லாரும் நூர்முகமதுவைப் பார்த்தார்கள். அவருக்கு என்னென்னவோ ஓடியது. பால்காரன் எல்லப்பனை, ஒரு சொட்டுத் தண்ணி கலந்தாலும் அது பால் இல்லடா என்று காலங்காலையில் எத்தனை தடவை விரட்டியிருக்கிறார். ஒரு சொட்டு கணக்கில்லை என்று இன்றைக்கு எந்த வாயால் சொல்வது? சல்மா கொடுத்த உயிர்ப்பாலை, ரெண்டு வேளைதானே, போகட்டும் என்று தள்ளுவதா? அவருக்கு அவர் நியாயம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அது பெரிய நியாயமாகவும் தெரிந்தது.

"அவளைக் கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். "கொழந்தை அவ. அவளுக்கு இன்னா தெரியும்? வாணாம். இது இத்தோட போவட்டும்."

சர்க்கரைத் தட்டை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை. மாமல்லபுரம் தாண்டின பிறகு தேவசகாயம், "ஏன் நைனா வாயத் தொறந்தே?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, மனசு ஆறாமல் கேட்டார். நூர்முகமதுவுக்கு அதைவிடப் பெரியது ஒன்று ஞாபகம் வந்திருந்தது.

வேறொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அதைப் புருஷனிடமும் சொந்தத்திலும் சொல்லி வைக்க வேண்டும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடறக்கூடாது என்பது அவர்கள் ஜனத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வழக்கம். சல்மாவுக்கும் தெரியும். அவள் சொல்லாமல் விட்டவள் இல்லை. கந்தூரியிலிருந்து வந்த அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டே, "அங்க ஒரு கொழந்தைங்க, பாவம்" என்று ஆரம்பித்தாள். அவர் என்ன சொன்னார்? அது கெடக்கட்டும் சல்மா, கோவளத்துப் பால் எப்டி இருந்துச்சு? அவள் சிரித்தாள். உப்பைச் சொன்னாள், கனத்தைச் சொன்னாள். குழந்தையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். மறுமாசமே மகனுக்கு உடம்புக்கு வந்து, அந்த அல்லாட்டத்தில் எல்லாமே மறந்துபோயிற்று. அன்றைக்குக் காது கொடுத்திருந்தால் கோவளத்தில் தனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான் என்று அன்றே தெரிந்திருக்கும். அமீர் கடைக்குள் நுழைந்த முதல் நாளே மகனே என்று கூப்பிட்டிருப்பார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வியும் வந்திருக்காது. பாவி மனுஷன், கேட்டும் கெடுத்தார், கேட்காமலும் கெடுத்தார்.

நிசாவிடம் அவரே சொன்னார். முழுக்கச் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை. "அம்மா சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க அத்தா" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். "சரி" என்று சொல்லிவிட்டு, ஊறவைத்த அரிசியைக் களையப் போய்விட்டாள். எவ்வளவு நல்ல பெண் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அப்படித்தான் தோன்றியது.

அதற்கப்புறம் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சிங்கப்பூர் பெட்டியோடு வந்து ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பார் கேட்பார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். ஏடு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு துண்டு விழுந்தது. நிசாவுக்கு மதராஸிலிருந்து ஒரு இடம் வந்தது, வாலாஜாபாத்திலிருந்து ஒரு இடம் வந்தது. இப்ப வாணாம் அத்தா என்றாள். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுவருஷம் மழை விட்ட சமயத்தில் அமீர் வந்தான். அதே பெட்டி. கொஞ்சம் இளைத்திருந்தான். கடை வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றான். மாமா என்று கூப்பிட வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா" என்றான். சல்மாவுக்கு மகன் என்றால் இவருக்கும் மகன்தானே. நூர்முகமது கனவிலும் ஆசைப்பட்ட வார்த்தை அது. ஆண்பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷர், ஒரு மகன் வாயால் அத்தா என்று கேட்க மாட்டோமா என்று ஏங்கினவர்தான். ஆனால் அது இப்போது காதில் விழுந்தபோது கரண்டி கடாயிலேயே நின்றது. ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பாலை ஆற்றி முன்னால் வைத்தார். எந்த ஊர், என்ன பால் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமீரும் தானாகச் சொல்லவில்லை. தேவசகாயம் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

உள்கதவு திறந்தது. நிசா வெளியே வந்தாள். தலையில் முக்காடு இருந்தது, முகம் திறந்திருந்தது. நேராக வந்து அமீருக்கு எதிரே நின்றாள். யாரும் தடுக்க முடியாது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணனுக்கு முன்னால் தங்கை நிற்கிறாள், அவ்வளவுதான். அவன் அவள் முகத்தை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அப்புறம், தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை என்பது ஞாபகம் வந்தவன் மாதிரி மறுபடி நிமிர்ந்தான்.

"இந்தத் தடவை எந்த ஊருண்ணே?" என்று கேட்டாள்.

"ஜப்பான்" என்றான். "கோபேன்னு ஒரு துறைமுகம்."

"அங்க பால் எப்டி இருந்துச்சு?"

"பெரியவங்க யாரும் அவ்வளவா குடிக்கறதில்லம்மா. பள்ளிக்கூடத்துல கொழந்தைங்களுக்குக் குடுக்கறாங்க. பவுடரைக் கரைச்சு." தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் குடிக்கல" என்றான்.

"சரிண்ணே. ஆறிப் போவுது, குடிங்க."

அவன் குடித்தான். உம்மா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். நல்லா இருக்காங்க என்றான். கடலோர பஸ் வந்து நின்றது. வாப்பா வரேன், தங்கச்சி வரேன் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். தேவசகாயமும் டியூட்டி இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார். அவருக்கு அன்றைக்கு டியூட்டி இல்லை.

நிசா தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நூர்முகமது கடாயின் முன்னால் உட்கார்ந்தபடி அவள் முதுகைப் பார்த்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"நிசா. அன்னிக்கு கோவளத்துல இருந்து வந்து உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீ இன்னா சொல்லியிருப்பே?"

அவள் கை நின்றது. திரும்பவில்லை.

"தெரில அத்தா. நீங்க கேட்டிருந்தா நான் ஒக்காந்து யோசிச்சிருப்பேன். அம்மா பால்னு சொல்லி வாணாம்னுகூட சொல்லியிருப்பேன். இல்ல, சரின்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல, அதனால எனக்கே தெரியாமப் போச்சு." தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப அவரு எங்க அண்ணன். இனிமே இதை என்னாண்ட கேக்கக் கூடாது."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. கடையில் யாரோ வந்து ஒரு பால் என்றார்கள். நூர்முகமது எழுந்து தம்ளரை எடுத்தார்.